வாடகைக்காரர்களுக்கு வோட்டு இல்லை

1

பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கைக்கு நான் இப்படியெல்லாம் குறிப்பு எழுதுவது பிடிக்காது. "திருவனந்தபுரம்தானே? மத்தியானம் ரயில் ஏறினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம். என்னமோ சீமைக்குப் போன மாதிரில்லா எழுதுதே" என்பாள். அவள் சொல்வது சரிதான். நான் கடல் தாண்டவில்லை, விசா வாங்கவில்லை. ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை, இந்தத் தெருவில் இனியும் குடியிருக்கலாமா என்று இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவளுக்குச் சீமை என்ன, திருவனந்தபுரம் என்ன? இங்கே வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள்.

இந்த ஆனியோடு நாங்கள் இங்கே வந்து பதினெட்டு வருஷம் முடிந்தது. என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு வேலை. ஒரு வயசு மகள் கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன். அவள் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம், அரசியல் பாடம் எடுத்துப் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லுவாள். வாயைத் திறந்தால் 'சாரமில்ல அம்மா', 'பிரஷ்னமில்ல அம்மா', பரவாயில்லை, ஒரு பிரச்சினையும் இல்லை என்பாள். எனக்கோ எதைப் பார்த்தாலும் பிரச்சினையாகத்தான் தெரியும்.

அவளுக்காக நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்டு இங்குள்ள வில்லேஜ் ஆபீஸுக்குப் போனோம். பிள்ளை பிறந்தது பாளையங்கோட்டை என்றால் அங்கேதான் வாங்க வேண்டும் என்றார்கள். பாளையங்கோட்டைக்குப் போனால், வளர்ந்தது படித்தது எல்லாம் கேரளம், இங்கே எப்படிக் கொடுக்க முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். "அப்போ நம்ம பிள்ளை ரெண்டு ஊருக்கும் நடுவுல ஆரல்வாய்மொழிக் கணவாயில நிக்குதா, ரெண்டு பக்கமும் காத்து வாங்கிக்கிட்டு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்துதான் 'ஊரோடு ஒத்து வாழ்' என்பதை நான் ஒரு விரதம் போலப் பிடித்துக்கொண்டேன். தெருவில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது. கூட்டம் என்றால் பின்னால் நிற்பது. வாயைத் திறக்காமலே இருந்தால் யாரும் நம்மைப் போகச் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

2

நான் டியூஷன் டீச்சர். தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து உட்காருவார்கள். பழவங்காடிப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிற இரண்டு பெண்களும் உண்டு. சமூக அறிவியலில் புரட்சிகளைப் பற்றிய பாடத்தை நான் கொஞ்சம் ஆசையாகவே நடத்துவேன்.

அந்தப் பாடத்தில் பெரிய பெரிய பெயர்கள் வரும். பெயர் பரீட்சைக்கு, விஷயம் உங்களுக்கு என்று சொல்லிவிட்டுக் கதை மாதிரி ஆரம்பிப்பேன். ராஜா என்பவர் கடவுள் அனுப்பி வந்தவர், குடிகளுக்கு அப்பா மாதிரி, அப்பாவை எதிர்த்துப் பேசலாமா என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் வைத்தியம் படித்த ஒருவர், அப்பா வேறு அரசன் வேறு என்று எழுதினார். குடிகள் சம்மதித்ததால்தான் அரசாங்கம், கொடுத்த பேச்சை அரசாங்கம் மீறினால் அதை மாற்றும் உரிமையும் குடிகளுக்கு உண்டு என்றார். பிரான்ஸில் ஒரு நீதிபதி, சட்டம் போடுகிற கையும் நடத்துகிற கையும் தீர்ப்புச் சொல்கிற கையும் ஒரே ஆளிடம் இருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை என்றார். கடிகாரம் செய்கிறவர் மகன் ஒருவர், அதிகாரம் மொத்தமும் மக்களுடையது, அரசன் வெறும் காரியஸ்தன் என்றார். இவர்கள் யாரும் கல்லெறியவில்லை, கோட்டையை உடைக்கவில்லை. எழுதினார்கள், அவ்வளவுதான். அதைப் படித்தவர்களும் படித்தவர்கள் சொல்லக் கேட்டவர்களும்தான் பிறகு கோட்டைக்குப் போனார்கள்.

மூன்று கைகள் சமாச்சாரம் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்காது. அதற்கு நான் எங்கள் தெருவையே உதாரணம் காட்டுவேன். எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு ரொம்ப வருஷமாக ஒரே பிரசிடெண்ட். தலைமைச் செயலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் வண்டி எங்கே நிறுத்தலாம் என்று விதி போடுகிறவர் அவர். விதியை மீறினால் அபராதம் போடுகிறவர் அவர். அபராதம் சரியில்லை என்றால் புகார் கொடுக்க வேண்டியதும் அவரிடமே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் தமிழில்தானே சொல்கிறேன், தெருவில் யாருக்கு விளங்கப்போகிறது என்று எனக்குத் தைரியம். உள்ளறையில் ஒருத்தி ஒவ்வொரு வருஷமும் இதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறாள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பிரசிடெண்ட் சார் கெட்டவர் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டபோது கார்ப்பரேஷன் ஆட்களை நின்று வேலை வாங்கியவர் அவர்தான். கொரோனாவில் என் வீட்டுக்காரர் ஒரு அறைக்குள் கிடந்தபோது தினமும் கஞ்சியும் பயறும் எங்கள் கேட்டில் வைத்துவிட்டுப் போனது அவர் மனைவி. பாடத்தில் அறிவொளி பெற்ற அரசர்கள் என்று சிலர் வருவார்கள். மக்களுக்காக எல்லாம் செய்வார்கள், மக்களைக் கேட்டு எதுவும் செய்ய மாட்டார்கள். அந்த வகை. அப்படிப்பட்டவரிடம் கோபப்படுவதற்கும் நன்றி குறுக்கே நிற்கும். இதில் இன்னொரு சிக்கல், எங்கள் வீட்டு ஓனர் அவருடைய மைத்துனர், தோஹாவில் இருக்கிறார்.

3

இந்தக் கோடையில் குழாய் உடைந்து நாலைந்து நாள் தண்ணீர் இல்லை. தங்கைக்குப் போன் செய்து, பழக்க தோஷத்தில் தண்ணீருக்கு மலையாள வார்த்தையைப் போட்டு "நாலு நாளா வெள்ளம் வரல" என்றேன். "வராட்டி நல்லதுதானேக்கா" என்றாள் அவள். டாங்கர் லாரி வந்தபோது பிரசிடெண்ட் சார் ஒரு முறை வைத்தார். முதலில் சொந்த வீட்டுக்காரர்கள், அப்புறம் வாடகைக்காரர்கள். சொந்த வீடுகளில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்பது காரணம். எங்கள் முறை வரும்போது லாரி காலி. கோமதி இரண்டு வாளியோடு போய் இரண்டு வாளியோடு திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே. நான் டியூஷன் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அதைக் கேட்டபோது அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கும் எனக்கும் வாக்குவாதம். உன் பாடத்தில் வருகிற அரசன் மாதிரிதானே இவரும் என்று ஆரம்பித்தாள். புரட்சி எல்லாம் ரொட்டி விலை ஏறியதால் வந்தது, புத்தகத்தால் இல்லை, நாளைக்குக் குழாய் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். ரொட்டி இல்லாத வருஷங்கள் அதற்கு முன்னும் எத்தனையோ வந்ததே, அப்போதெல்லாம் ஜனங்கள் அழுதுவிட்டுச் சும்மாதானே இருந்தார்கள் என்றாள் அவள். அப்புறம் தமிழுக்கு வந்தாள். "பசிச்சா கலகம்தான் வரும்மா. இது விதி இல்ல, ஒருத்தர் செய்த அநியாயம்னு தெரிஞ்சாதான் புரட்சி வரும். நீதான அதைச் சொல்லித் தாரே?"

பாடத்தின் கடைசிப் பக்கம் எனக்குத் தெரியும். முதலில் பிரகடனம், பிறகு கொடி, பிறகு தலைகள் உருளும், உரிமை கேட்டவர்களின் தலையும் சேர்ந்து. எல்லாம் முடிந்து ஒரு தளபதி தானே மகுடம் சூட்டிக்கொள்வார். மூன்று மார்க் கேள்வி இந்தப் பக்கத்தில் வராது என்பதால் அதை நான் வேகமாகத் தள்ளிவிடுவது வழக்கம். இப்போது அந்தப் பக்கம்தான் கண்ணுக்குள் நின்றது. எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது.

4

அசோசியேஷன் பொதுக்குழு வாயனசாலை ஹாலில் நடக்கும். வாயனசாலை என்றால் நம் ஊர்ப் படிப்பகம். இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்த வீட்டுக்காரர்கள் உட்காருவார்கள். வாடகைக்காரர்கள் சுவரோரம் நிற்போம். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை, நாங்களாகவே போய் நின்றுகொள்வோம். செக்ரட்டரி புதிய கமிட்டியின் பேர்களை வாசிப்பார். போன வருஷத்துப் பேர்கள்தான். "எதிர்ப்பு உண்டோ?" என்று கேட்பார். கேட்கிற வாய் மூடுவதற்குள் எல்லாரும் கை தட்டுவோம், பாஸ். வோட்டு இல்லாத வாடகைக்காரர்கள்தான் பலமாகத் தட்டுவோம். பிறகு பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி, சாயா.

இந்த வருஷம் 'உண்டோ' என்று முடிவதற்குள் கோமதி கையைத் தூக்கிவிட்டாள்.

அவள் கத்தவில்லை. மரியாதையாக, நல்ல மலையாளத்தில் பேசினாள். தண்ணீர் முறையை வகுத்தது யார், லாரி வந்தபோது அதை நடத்தியது யார், முறை தப்பு என்றால் புகாரைக் கேட்பது யார் என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் ஒரே ஆள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தி, முகங்களைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஐயோ, அது நான் வகுப்பில் நிறுத்துகிற இடம். என் பாடம், என் உதாரணம், எனக்கு இந்த ஜென்மத்தில் வராத சுத்தமான மலையாளத்தில். பயத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அதற்கு நடுவிலும், என் பிள்ளை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள் என்று ஒரு பெருமை வந்ததையும் மறைப்பதற்கில்லை.

பிறகு அவள் வோட்டுக்கு வந்தாள். மாதச் சந்தா சொந்த வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் ஒன்றுதானே, எங்கள் சம்மதத்தைக் கேட்காமல் சந்தா மட்டும் எப்படி வாங்கலாம் என்றாள். முன்வரிசையிலிருந்து ஒரு என்ஜினியர், வாடகைக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள் நாளைக்குப் போவார்கள், தெருவின் நல்லது கெட்டது அவர்களுக்கு எதற்கு என்றார். சார் இந்தத் தெருவில் வீடு வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது, நாங்கள் வந்து பதினெட்டு வருஷம் என்றாள் கோமதி. சுவரோரத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். என்ஜினியருக்கு முகம் சிவந்துவிட்டது.

பிரசிடெண்ட் சார் எழுந்தார். அவர் கோபப்படவில்லை, அவரிடம் எனக்குப் பயமே அதுதான். கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தார். எனக்கு விளங்க வேண்டுமே என்று தமிழ் கலந்து சொன்னார்: "டீச்சரே, மோளுகிட்ட ஒண்ணு பறயணும். நம்ம எல்லாரும் ஒரு குடும்பம் அல்லே? குடும்பத்துக்குள்ள கணக்குக் கேக்கலாமோ?"

குடும்பம். அப்பா. அந்த இங்கிலாந்துக்காரர் ஒரு முழுப் புத்தகம் எழுதி மறுத்த வாதம் இதுதான். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். ஹாலில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு வீட்டுச் சாவி, ஒப்பந்தம், தோஹா மைத்துனர், முன்னறையில் வந்து உட்காரும் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கோமதி, போதும். உக்காரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உட்காரு என்றால் எங்கே உட்காருவது? சுவரோரத்தில் ஏது நாற்காலி? நின்ற இடத்திலேயே, சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் வளர்ந்த ஊரில் கூட்டத்தில் தரையில் உட்காருவது பெரிய விஷயம் இல்லை, கோயில் கச்சேரியில் அப்படித்தான் உட்காருவோம். இந்த ஊரில் அதன் அர்த்தம் வேறு. தலைமைச் செயலகத்து வாசலில் தினமும் யாராவது ஒரு கூட்டம் அப்படி உட்கார்ந்திருக்கும், அந்தப் போராட்டத்துக்குச் சமரம் என்று பெயர். பக்கத்தில் நின்ற ஆட்டோ டிரைவர் செல்வராஜ், அவர் போனக்காட்டுக்காரர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். அடுத்து எதிர்வீட்டு மாடிப் போர்ஷனில் இருக்கும் நர்ஸ் உட்கார்ந்தாள். பிறகு வரிசையாக எல்லாரும். என் வீட்டுக்காரரும். கணக்குப் பார்க்கிற மனுஷர், வேஷ்டியை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கினார். சுவரோரத்தில் நின்றது நான் ஒருத்திதான்.

நான் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை.

கை தட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஹால் அப்படியே இருந்தது. பிரசிடெண்ட் சார் எத்தனையோ சமரங்களைச் செயலகத்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர். செக்ரட்டரியிடம் குனிந்து பேசினார். ஒரு வருஷம் சந்தா கட்டிய வாடகைக்காரர்களுக்கு அடுத்த பொதுக்குழு முதல் வோட்டு உண்டு, தண்ணீர் முறைக்குத் தனிக் கமிட்டி என்று அறிவித்தார். அந்தத் தீர்மானத்தையும் கை தட்டித்தான் பாஸாக்கினார்கள். ஒருவர் தலையும் உருளவில்லை. பழம்பொரி ஆறிப்போயிருந்தது.

5

நாலாம் நாள் தோஹாவிலிருந்து ஓனர் வாட்ஸாப்பில் பேசி அனுப்பினார். ஊருக்கு வந்து செட்டிலாகப் போகிறாராம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது, சிரமத்துக்கு வருத்தம். பிரசிடெண்ட் சார் சொல்லித்தான் செய்தாரா, தானாகச் செய்தாரா, உண்மையிலேயே வருகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் கோமதி மேல் பாய்ந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இருக்கிற இடத்தைக் கெடுத்தாய், டியூஷன் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன், ஜெயித்த வோட்டை எந்தத் தெருவில் போடப்போகிறாய் என்று கேட்டேன். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

"நீ உக்காரலியேம்மா. அப்படியும் வீடு போச்சுல்லா."

பதினெட்டு வருஷம் தலையாட்டியதற்கும் பின்னால் நின்றதற்கும் பலமாகக் கை தட்டியதற்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். உட்கார்ந்தவர்களும் வெளியே, நின்றவளும் வெளியே. இல்லை, அதுகூடச் சரியில்லை. செல்வராஜும் நர்ஸும் அங்கேதான் இருக்கிறார்கள், அடுத்த வருஷம் வோட்டுப் போடுவார்கள். நின்றவள் வீடுதான் போனது.

வேறு வீடு பிடித்துக் கொடுத்தது யார் என்று கேட்டால் தங்கை நம்ப மாட்டாள். பிரசிடெண்ட் சாரேதான். தகவல் தெரிந்ததும் வீட்டுக்கு வந்தார், ஒரு நேந்திரம்பழக் குலையும் கொண்டுவந்தார். மைத்துனர் விஷயத்தில் தனக்குப் பங்கில்லை என்றார். எங்கள் முன்னாலேயே யாருக்கோ போன் போட்டார். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளைகள் நடந்து வருகிற தூரத்தில், முன்னறை உள்ள வீடாகவே கிடைத்தது. கோமதியிடம், நீ வக்கீலாகணும் மோளே என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு அவர் காலில் விழவும் தோன்றியது, அந்தக் குலையைத் திருப்பிக் கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. சாயா போட்டுக் கொடுத்தேன்.

புது வீட்டில் சாமான் இன்னும் பிரிக்கவில்லை. நேற்றுக் காலை, கோமதி காலேஜுக்கும் என் வீட்டுக்காரர் கடைக்கும் போன பிறகு, இந்தத் தெரு அசோசியேஷனிலிருந்து ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, ஓனரா வாடகையா என்று கேட்டார்.

வாடகை என்றேன். அவர் எழுத ஆரம்பித்தார். புது இடம், முதல் மாதம், வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடு என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள்.

"சாரே, இவிடே வாடகைக்காரர்க்கு வோட்டு உண்டோ?" என்று கேட்டேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தெரியாது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

"அப்போ கேட்டுட்டு வாங்க சார். சந்தாவை அன்னைக்கு வாங்கிக்கிடலாம்" என்றேன், தமிழிலேயே.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பிரிக்காத சாமான்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன்.